ஆட்டுக்கும் வழி விட்டவர்

சேச்சியை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் ஓர் ஆட்டுக்கு வழி விட்டு நின்றுகொண்டிருந்தார்.

குன்னத்துகால் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கும் வழி அது. ஒரு பக்கம் என் மாமாவின் கய்யாலை. செம்மண்ணும் கல்லும் அடுக்கிய இடுப்பளவுச் சுவர். மறுபக்கம் ஓடை. நடுவில் ஒன்றரை ஆள் நடக்கலாம். மழை விட்டு, வெயில் வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலை. ரப்பர் இலைகளுக்குள் புகுந்து இறங்கிய வெளிச்சத்தில் எல்லாமே குளத்துக்கு அடியில் இருப்பது போலிருந்தது. அந்தப் பச்சைக்குள், தோளில் பையும் கையில் குடையுமாக ஒரு பெண், முதுகைச் சுவரோடு ஒட்டி நிற்கிறார். எதிரே ஒரு வெள்ளாடு, கயிறு தரையில் இழுபட, தன் பாட்டுக்கு வருகிறது. ஆடு அவரைத் தாண்டிப் போய் வளைவில் மறைந்தது. அப்புறமும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு, தான் நிற்பதை அப்போதுதான் கண்டுபிடித்தவர் மாதிரி தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. முன்னால் போய் நிற்கிற எதுவும் அவருக்குப் பிடிக்காது, பெயர் உட்பட. ஊரில் எல்லாருக்கும் சேச்சி, எனக்கும் சேச்சி.

திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வு மையத்தில் அவருக்கு வேலை. சரித்திரம் படித்தவர், பொருளாதாரம் படித்தவர், நிலவரைபடம் போடுகிறவர், மானுடவியல்காரர் எல்லாரும் அங்கே ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அதிகாரம் யாரிடம் இருக்கிறது, எப்போது அது கை மாறுகிறது என்று சண்டை போடுவார்களாம். எனக்கு அது சொர்க்கம் மாதிரி கேட்டது. எம்.ஏ. முடித்துவிட்டு, படித்த கோட்பாடுகளையெல்லாம் சமையலறையில் அம்மாவிடம் ஒப்பித்துக்கொண்டிருந்த காலம். தமிழும் மலையாளமும் எழுதத் தெரிந்த உள்ளூர் ஆள் வேண்டும் என்றார் சேச்சி. அவர் சொல்லி முடிக்கும் முன்பே நான் சரி என்றுவிட்டேன்.

மற்ற ஆய்வுக்காரர்கள் வந்தால் நிலம் எவ்வளவு, சம்பளம் எவ்வளவு, வளைகுடாவில் யார் என்று கேட்பார்கள். சேச்சி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இந்த வழியில எதிர ஆள் வந்தா, யாரு ஒதுங்குவா?" அவ்வளவுதான். மாமாவிடமும் கேட்டார், பால் கறக்கிறவரிடமும் கேட்டார், பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமும் கேட்டார். எல்லாரும் ஒரே மாதிரி பதில் சொன்னார்கள்: இந்தக் காலத்துல அப்படியொண்ணும் இல்ல, யாருக்கு வசதியோ அவங்க ஒதுங்குவாங்க. அதை அப்படியே எழுதிக்கொண்டு, ஓடைக்குக் குறுக்கே உள்ள சின்னப் பாலமான கலுங்கில் போய் உட்கார்ந்துவிடுவார். நானும் பக்கத்தில். யாருக்கு வசதியோ அவர்கள் ஒதுங்கவில்லை. ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவர் தலையில் ரப்பர் ஷீட்டுக் கட்டோடு ஓடையில் இறங்கினார். மாமா வெறுங்கையோடு நடுவில் நடந்தார். மாமா கெட்டவர் இல்லை. போகும்போது, "பிள்ளையளுக்குச் சுகமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

"வாயி யோசிச்சுப் பேசும், காலு யோசிக்காது" என்பார் சேச்சி.

ஆனால் சேச்சியின் காலைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது.

அவருடைய கால் எல்லாருக்கும் ஒதுங்கும். நூலகப் படிக்கட்டில் மாணவர்களுக்கு, டீக்கடையில் பழம்பொரி வாங்க வரும் சின்னப் பிள்ளைகளுக்கு, பேருந்தில் கண்டக்டருக்கு. கூட நடந்தால் பேச்சு பாதியில் அறுந்துபோகும். திரும்பிப் பார்த்தால் ஆள் பின்னால் எங்கேயோ சுவரோடு நிற்பார். ஒருநாள் திருவனந்தபுரத்திலிருந்து ரயிலில் வந்தவர், பாறசாலையில் இறங்குகிறவர்களுக்கெல்லாம் வழி விட்டிருக்கிறார். பிறகு ஏறுகிறவர்களுக்கும் வழி விட்டிருக்கிறார். வண்டி எடுத்துவிட்டது. நான் ஸ்டேஷன் வாசலில் காத்திருக்கிறேன், எல்லை தாண்டிக் குழித்துறையிலிருந்து போன் வருகிறது.

"மக்கா, நான் தமிழ்நாட்டுல இருக்கேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார்.

நெய்யாற்றின்கரைப் பக்கம்தான் அவர் வீடு, பழைய மிஷன் சபைக் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், கோபம் வந்தால் இங்கிலீஷ். அவருடைய அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஒருநாள் கலுங்கில் உட்கார்ந்து, ஓடையில் ஓர் இலை சுற்றிச் சுற்றிப் போவதைப் பார்த்துக்கொண்டே அவரைப் பற்றிச் சொன்னார். சின்ன வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவாராம். எதிரே சில பேர் வரும்போது அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். கையை மட்டும் லேசாக ஓர் அழுத்து அழுத்துவார். அழுத்தியதும் இருவரும் ஓரத்துக்குப் போய்விடுவார்கள். ஏன் என்று அவர் கேட்டதில்லை, அப்பாவும் சொன்னதில்லை.

"அப்பா போயி எத்தன வருஷம் ஆச்சு. அந்த அழுத்து மட்டும் போகல" என்றார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், அங்கே ஏதோ தடம் இருப்பது போல. "ஒரே ஒரு தடவ ஒதுங்காம நடந்து பாக்கணும். அதுக்கப்புறம் வேணும்னா ஆயுசுக்கும் ஒதுங்கிக்கிடலாம்."

முயன்றும் பார்த்தார். பட்டணத்து நடைபாதையில் நேராகப் பார்த்து, கைகளை மடக்கிக்கொண்டு நடப்பார். எதிரே யாராவது வந்தால் தலை நேராகத்தான் இருக்கும். கால் மட்டும் விலகிவிடும்.

இனி தங்கபாய் அக்காவைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வழி எல்லாரையும்விட அவசியப்பட்டது அவருக்குத்தான். வழி முடியும் இடத்தில் சில வீடுகள் உண்டு. கடைசி வீடு தங்கபாய் அக்காவுடையது. ஐம்பதைத் தாண்டியவர், நாக்கு மட்டும் இருபதில் நின்றது. சிறுநீரகம் கெட்டுப்போய் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போகிறவர். வீடு வரைக்கும் ஆட்டோ வராது. ஆஸ்பத்திரி நாட்களில் அவருடைய மகனும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து மெயின் ரோடு வரைக்கும் தூக்கி வருவார்கள். மழையில், வழுக்கலில், திரும்பி வரும்போது வாந்தியும் மயக்கமுமாக. கய்யாலையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தால் ஆட்டோ வாசலுக்கே போகும். மாமாவிடம் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. மருந்துக்கு ஏதாவது வேண்டுமா என்று அவரே கேட்டுக் கொடுப்பார். மண்ணை மட்டும் கொடுக்க மாட்டார்.

"வழி கொடுத்தா அது வழியோட நிக்காது, கேட்டியா" என்பார். என் அம்மாவோ, அண்ணன் சங்கதியில் நீ தலையிடாதே என்று என் வாயை அடைத்துவிடுவார்.

அப்போதுதான் அந்தக் குழப்பம் வந்தது. சேச்சியின் கேள்வி டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. டீக்கடைக்காரர் உலகம் தெரிந்தவர். யாரு ஒதுங்குகா என்று இந்த மேடம் சும்மாவா எழுதிக்கொண்டு போகிறார்? ஒதுங்க இடம் உண்டு என்று எழுதினால், உள்ள வழி போதும் என்று மேலே முடிவு செய்துவிடுவார்கள். ஒதுங்க இடமில்லை என்று எழுதினால், அகலப்படுத்து என்று உத்தரவு வரும். இதை அவர் ரகசியமாகச் சொன்னதால் ஒரே நாளில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

கடைசி வீடுகளில் உள்ளவர்கள் கூடி ஒரு முடிவெடுத்தார்கள்: இனி எவருக்கும் ஒதுங்கக் கூடாது. ஒதுங்கினால் இடமிருக்கிறது என்றாகிவிடும். மாமாவும் தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து ஒரு முடிவெடுத்தார்: இனி எல்லாருக்கும் ஒதுங்க வேண்டும். ஒதுங்கிக் காட்டினால்தானே இடமிருக்கிறது என்று தெரியும்?

சேச்சி பதறிப்போய் டீக்கடைக்கு ஓடினார். இது படிப்பு மட்டும்தான், இதனால் வழி வரவும் வராது போகவும் போகாது என்று மலையாளத்திலும் தமிழிலும் சொன்னார். டீக்கடைக்காரர் கண்ணை மூடித் தலையாட்டினார். "அப்படித்தான் சொல்லணும் மேடம். உங்களுக்கு மேலிட உத்தரவு அதுவாக்கும்."

அந்த மழைக்காலத்தை நான் மறக்கவே மாட்டேன். கனவில் உலகம் தலைகீழாகக் கிடக்கும்போது யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள் இல்லையா, அப்படி இருந்தது. காலையில் மாமா தேய்த்த வெள்ளை முண்டு கட்டி ஷீட்டு ஷெட்டுக்கு இறங்குவார். எதிரே, கடைசி வீடுகளில் ஒன்றிலிருந்து பால்வெட்டுகிறவர். ஒதுங்காமல் அவர் வழி நடுவே நின்றுவிடுவார். ஆனால் பழகிய கால் ஓடைப் பக்கம் போகும். தன் தொடையைக் கையால் பிடித்து நிறுத்துவார். மாமாவோ முண்டை மடித்துக் கட்டிக்கொண்டு, "இடம் விசாலமா கிடக்கு" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு ஓடையில் இறங்குவார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வந்தாலும் இறங்குவார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மாமா கரையேறக் காத்திருந்து மறுபடி எதிரே வருவார்கள்.

ஒரு காலை, எதிரே ஆள் கூட்டமாக வந்தபோது சேச்சியும் ஓடையில், மாமாவும் ஓடையில். கணுக்கால் தண்ணீரில் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள்.

"கண்டீங்களா, ஓடைக்குள்ளேயே ரெண்டு பேருக்கு இடமுண்டு. எழுதிக்கோங்க" என்றார் மாமா.

"நான் எழுத வரல சார். ஒதுங்க வந்தேன்" என்றார் சேச்சி.

பிறகு ஒருநாள் பெருமழை. ஓடை முழங்காலுக்கு ஓடியது. சிவப்பு நாற்காலி வந்துகொண்டிருந்தது, அதன் மேல் குடை பிடித்த தங்கபாய் அக்கா. மாமா வழக்கம்போல இறங்கினார். தூக்கி வந்தவர்கள் பழைய பழக்கத்தில் ஒரு நொடி தயங்கி நின்றார்கள். நின்ற இடம் சரியாக மாமாவுக்கு நேரே. நாற்காலி உயரத்தில், மாமா பள்ளத்தில். அக்காவின் வீங்கிய பாதம், தோல் மினுங்க, மாமாவின் கண்ணுக்கு நேராகத் தொங்கியது. மாமா அதைப் பார்த்தார். பார்க்காமல் இருக்க அங்கே வேறு இடமில்லை.

"சாரே, தண்ணி குளிருதா?" என்று கேட்டார் அக்கா.

"இல்ல... அப்படியொண்ணும் இல்ல, தங்கபாய்."

"கொள்ளாம், நல்ல காரியம். நடங்க மக்களே."

அடுத்த வாரம் மாமா முழங்கால் முட்டுவலியில் படுத்தார். தைல வாசனை எங்கள் வீடு வரை வந்தது. எழுந்ததும் கொத்தனாரை வரச் சொல்லி, கய்யாலையைப் பிரித்து உள்ளே தள்ளிக் கட்டச் சொன்னார். கேட்டவர்களிடமெல்லாம், "எனக்க முட்டுக்காக்கும். ஓடையில இறங்கி ஏற முடியல்ல" என்றார்.

ஆய்வு மையத்தில் இதைப் பற்றி ஒரு மதியம் முழுக்கச் சண்டை. வழி அகலமானால் நிலத்துக்கு மதிப்புக் கூடும், அதுதான் காரணம் என்றார் பொருளாதாரக்காரர். பழைய உத்தியோகக் குடும்பங்களின் பிடி தளர்ந்து தலைமுறையாகிறது, இது அதன் கடைசிப் படி என்றார் சரித்திரக்காரர். மானுடவியல்காரர் உயரம், தாழ்வு, பாதம் என்று கண்கள் பளபளக்கப் பேசினார். நான் எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன், எல்லாமே சரியாகத்தான் பட்டது. கடைசியில் சேச்சி, "முட்டுவலியையும் ஒரு காரணமா வெச்சுக்கலாம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

வழி அகலமானதும் அதில் முதலில் வந்த வண்டி ஆட்டோ இல்லை. மாமாவின் ஸ்கூட்டர். நடந்து போனவர் இப்போது ஓட்டிக்கொண்டு போனார். தாராளமாக இடமிருந்தும், ஹார்ன் கேட்டதும் சேச்சி துள்ளிப் போய்ப் புதுச் சுவரோடு ஒட்டிக்கொள்வார். தங்கபாய் அக்கா தன் வீட்டு வாசலிலிருந்தே இதைப் பார்ப்பார்.

"வழி அகலமாச்சு. பிள்ளைக்கு மட்டும் இன்னும் அகலமாகல" என்பார்.

சேச்சி முதுகில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிக்கொள்வார்.

ரப்பர் இலை உதிரும் காலம் வந்தது. தோட்டம் முழுக்கச் செம்பு நிறம். காற்று இல்லாமலேயே இலைகள் இறங்கின, அவசரமில்லாமல், வழியில் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று தடவை மனதை மாற்றிக்கொண்டு. அப்படி ஒரு பிற்பகல். தங்கபாய் அக்காவின் மகனுக்கு வேலை இருந்ததால், ஆஸ்பத்திரியிலிருந்து அவரை ஆட்டோவில் கூட்டி வந்தது நான். அக்கா என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக் கிடந்தார். மெயின் ரோட்டிலிருந்து வண்டி உள்ளே திரும்பியது.

முன்னால் சேச்சி போய்க்கொண்டிருந்தார். வழியின் நட்ட நடுவில், குடை விரித்து, பையப் பைய.

டிரைவர் ஹார்ன் மீது கையை வைத்தார். கண்ணை மூடிக் கிடந்த அக்கா எப்படிப் பார்த்தாரோ, முன்னால் எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்காதே."

"அக்கா, சுகமில்லாத உடம்ப வெச்சுக்கிட்டு..." என்றார் டிரைவர்.

"எலே, அடிக்காதேன்னேன். அவ நடக்கட்டு."

ஆட்டோ நடக்கிற வேகத்துக்குக் குறைந்தது. முன்னால் அந்தக் கறுப்புக் குடை, அதன் மீது ஓர் இலை விழுகிறது, வழுக்கி இறங்குகிறது, இன்னொன்று விழுகிறது. சேச்சி திரும்பவில்லை. ஓரத்துக்குப் போகவில்லை. பள்ளிவிட்டு எதிரே வந்த இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் விலகி, இடையே அவரைப் போகவிட்டார்கள். சபையில் கல்யாணப் பெண் நடப்பதைப் பின்னாலிருந்து பார்ப்பது போலிருந்தது எனக்கு. அந்த வழி இன்னும் நீளமாக இருக்கக் கூடாதா என்று தோன்றியது. அதே நேரம் என் தோளில் அக்காவின் மூச்சு சிரமப்பட்டுக்கொண்டிருந்ததும் தெரிந்தது.

வாசலில் ஆட்டோ நின்றது. சேச்சி குடையை மடக்கிவிட்டு ஓடி வந்து, அக்காவை இறக்கக் கை கொடுத்தார். இறங்கிய பிறகும் கையை விடவில்லை.

"அக்கா, சத்தம் முதல்லயே கேட்டுது."

அக்கா மூச்சு வாங்க முற்றத்தைப் பார்த்து ஓர் அடி வைத்தார்.

"காலம்பற சாருக்க ஸ்கூட்டருக்குச் சுவரோட ஒட்டி நின்னேன். உங்களுக்குத்தான் ஒதுங்கல. ஆஸ்பத்திரியிலிருந்து வாற மனுஷிக்கு." என் பக்கம் திரும்பி, "இதையும் எழுதணும், விடக் கூடாது" என்றார்.

அக்கா அந்தச் சிவப்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அது இப்போது முற்றத்துக்கு வந்துவிட்டது, தூக்க ஆள் வேண்டாம் அல்லவா. தண்ணீர் கேட்டு, டாக்டர் சொன்ன அளவுக்கு ஒரு மடக்கு மட்டும் குடித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஒதுங்காம நடக்கதுக்கு ஒரு ஆளு தேடி, கடைசில கிடைச்சது நானாக்கும்."

சேச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

"போகட்டு, மக்கா. நடந்து படிச்சாச்சில்லியா? இனி நாளைக்கு சாருக்க ஸ்கூட்டருக்கு முன்னால நட. நான் இங்கயே நாற்காலி போட்டு இருந்து பாக்கேன்."

மறுநாள் காலையில் நான் வீட்டுப் பின்பக்கம் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பனி இன்னும் விலகவில்லை. தோட்டம் இருக்கும் இடத்தில் வெறும் வெள்ளை. மாமாவின் ஸ்கூட்டர் கிளம்பிய சத்தம் கேட்டது. மெயின் ரோட்டைத் தாண்டி வழிக்குள் திரும்பியது. கொஞ்ச தூரம் போனது. ஒரு ஹார்ன், சின்னதாக. அப்புறம் இன்னொன்று, நீளமாக. வண்டியின் சத்தம் குறைந்து, நடை வேகத்துக்கு வந்து, நிற்காமலும் முந்தாமலும் முனகிக்கொண்டே போனது. மறுபடி ஹார்ன். மறுபடியும்.

அம்மா சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "அண்ணன் எதுக்கு இப்படிக் கிடந்து ஹார்ன் அடிக்குதாரு? வழியில ஆடு கீடு நிக்குதா?"

நான் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டுச் சொன்னேன்.

"ஆடுன்னா இதுக்குள்ள ஒதுங்கியிருக்கும்மா."